குடம் தேடினால் குடும்பம் வருகிறது

வாசிக்கிற பழக்கமுள்ள இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், என்ன படிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அடுத்தபடியாக இப்போது இன்னொரு கேள்வியும் வந்துவிடுகிறது. "நோட்ஸ் எதுல எடுக்குறீங்க?" ஒருவர் நோஷன் என்பார். இன்னொருவர் ஆப்சிடியன் என்பார். பக்கத்தில் மூன்றாவது ஆள் இருந்தால், "நான் இன்னும் நோட்டுப் புத்தகம்தாங்க" என்று கொஞ்சம் பெருமையோடு சொல்வார். அதற்குப் பிறகு பேச்சு ப்ளக்-இன், தீம், சிங்க் என்று எங்கெங்கோ போய்விடும். படித்த புத்தகம் அந்தப் பேச்சுக்குள் திரும்பி வருவதே இல்லை.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். புது ஆப் ஒன்றை இறக்கி, காலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில் புது நோட்டுக்கு அட்டை போடுகிற சந்தோஷம் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் இலக்கிய விமர்சனத்தின் பக்கம் இழுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். குறிப்பு எடுப்பதற்கான ஒவ்வொரு ஆப்பும், வாசிப்பு என்றால் என்ன என்பதைப் பற்றி ஒரு முடிவை எடுத்துவிட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. வெண்பா எழுத உட்காருகிறவர் கடைசி அடியில் மூன்று சீர்தான் வைக்க முடியும். அதை வெண்பா முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. ஆப்பும் அப்படித்தான். நாவலையும் கவிதையையும் வடிவம் சார்ந்து விமர்சிக்கப் பழகிய நாம், தினமும் பத்து முறை திறக்கிற இந்த வடிவத்தை மட்டும் ஏன் ரிவ்யூ வீடியோக்களிடம் விட்டுவிட வேண்டும்?

அலமாரி, அலுவலகம், வலை

எவர்நோட் 2008-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் சின்னம் யானைத் தலை. யானை மறக்காது என்பது தையல்காரன் கதை படித்த நமக்கும் தெரிந்ததுதான். இணையத்தில் எதைப் பார்த்தாலும் ஒரு க்ளிக்கில் வெட்டி உள்ளே போட்டுக்கொள்ளலாம். அதன் கொள்கை: நினைவு என்பது சேமிப்பு. எல்லாவற்றையும் உள்ளே போடு, வேண்டியபோது தேடி எடுத்துக்கொள்ளலாம். இது அலமாரி. அலமாரியில் குறையொன்றும் இல்லை, ஆனால் இது வேறொருவர் வீட்டில் இருக்கிற அலமாரி. 2022 நவம்பரில் எவர்நோட்டை பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனம் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2023 இறுதியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டு என்று வரம்பு வைத்துவிட்டார்கள். விலையைத் தீர்மானிப்பது அவர்கள் உரிமை. நம் பத்து வருஷ வாசிப்பை எந்த நிபந்தனையின் பேரில் அங்கே வைத்திருக்கிறோம் என்பது நாம் யோசிக்க வேண்டியது.

நோஷன் ஓர் அலுவலகம். அங்கே எல்லாமே அட்டவணை. புத்தகத்தின் பெயர், ஆசிரியர், தொடங்கிய தேதி, முடித்த தேதி, நட்சத்திரம், நிலை. அட்டைப்படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டும்போது கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. வீட்டுச் செலவு, பயணத் திட்டம், நாலு பேர் சேர்ந்து நடத்துகிற வாசிப்பு வட்டம், இதற்கெல்லாம் நோஷன் மாதிரி ஒன்று கிடையாது. ஆனால் ஒரு நாவலை அங்கே கொண்டுபோய் வைத்தால் அது வேலைப் பட்டியலில் ஓர் உருப்படியாக மாறுகிறது. நிலை: படிக்க வேண்டும், படிக்கிறேன், முடித்துவிட்டேன். முடித்த பிறகு மூன்று மாதம் கழித்துத் தொந்தரவு செய்ய ஆரம்பிக்கிற புத்தகத்தை எந்த நிலையில் போடுவது? அலுவலகம் வேலையை முடிக்கச் சொல்லும். நல்ல புத்தகம் அதற்குச் சம்மதிப்பதில்லை.

மூன்றாவது, வலை. ரோம் ரிசர்ச் 2020 வாக்கில் ஒரு சின்ன மதம் மாதிரியே பரவியது. அதே வருஷம் ஆப்சிடியனும் வந்தது. இரண்டிலும் ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது இன்னொரு பக்கத்துக்கு இணைப்பாகிவிடும்; அந்தப் பக்கத்துக்குப் போனால், யாரெல்லாம் தன்னைக் குறிப்பிட்டார்கள் என்று அது பட்டியல் காட்டும். ஆப்சிடியனில் இதையெல்லாம் ஒரு கிராஃபாகவும் பார்க்கலாம். கறுப்புப் பின்னணியில் புள்ளிகளும் கோடுகளும், நட்சத்திர மண்டலம் போல. இதன் கொள்கை: சிந்தனை என்பது தொடர்பு.

மூன்றில் வாசகனுக்கு மிக அருகில் வருவது இந்தக் கொள்கைதான். அதனாலேயே இதைக் கொஞ்சம் கடுமையாகக் கேட்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒரு கோடு, தொடர்பு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. என்ன தொடர்பு என்று சொல்வதில்லை. புதுமைப்பித்தனுக்கும் காஃப்காவுக்கும் கோடு போட அரை வினாடி போதும். இவர் கதையில் வருகிற நகரமும் அவர் கதையில் வருகிற அலுவலகமும் எந்த இடத்தில் தொட்டுக்கொள்கின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்று எழுத இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள்தான் விமர்சனம். கிராஃப் அதைச் செய்து முடித்துவிட்ட மாதிரி ஒரு தோற்றத்தைத் தருகிறது.

சீட்டுப் பெட்டியில் இருந்தது என்ன?

வலை ஆப்களின் குலதெய்வம் நிக்லாஸ் லூமன். ஜெர்மன் சமூகவியலாளர், 1927-இல் பிறந்து 1998-இல் இறந்தவர். சுமார் 90,000 சீட்டுகள் கொண்ட அவருடைய பெட்டிகளைப் பற்றிப் பேசாத நோட்ஸ் வீடியோவே இல்லை. ஒரு சீட்டுக்கு எண் போடுவார். அதிலிருந்து கிளை பிரிந்தால் எண்ணோடு எழுத்து சேரும், அதிலிருந்து இன்னொரு கிளை என்றால் மறுபடி எண். சீட்டுகள் ஒன்றையொன்று சுட்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் அதிலிருந்து வந்தன. 1981-இல் வெளியான ஒரு கட்டுரையில் அந்தப் பெட்டியைத் தன்னோடு உரையாடும் துணை என்றே வர்ணித்தார்.

இந்தக் கதையிலிருந்து நம் ஆப்கள் இணைப்பை எடுத்துக்கொண்டன. வேறு இரண்டு விஷயங்களை விட்டுவிட்டன. முதலாவது, லூமன் புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாக வெட்டி ஒட்டவில்லை. படித்ததைத் தன் வாக்கியமாக மாற்றித்தான் சீட்டில் எழுதினார். சீட்டு சின்னது, கை வலிக்கும், அதனால் எது எழுதத் தகுந்தது என்று யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. 1969-இல் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஆய்வுத் திட்டம் என்னவென்று கேட்டிருக்கிறார்கள். சமூகத்தைப் பற்றிய ஒரு கோட்பாடு, காலம் முப்பது வருஷம், செலவு ஒன்றுமில்லை என்பது அவர் பதில். 1997-இல் அந்தப் பெரிய நூல் வெளிவந்தது. முப்பது வருஷம் ஒரே கேள்வியோடு இருக்கிற மனிதரிடம் ஷூ டப்பாவைக் கொடுத்தாலும் அது உரையாடத்தான் செய்யும்.

இன்னும் பின்னால் போனால் வானெவர் புஷ். 1945 ஜூலையில் 'தி அட்லாண்டிக்' இதழில் மெமெக்ஸ் என்ற கற்பனை இயந்திரத்தை அவர் வர்ணித்தார். மைக்ரோஃபிலிமில் புத்தகங்கள், ஒரு மேசை, விரும்பிய பக்கங்களை ஒன்றோடொன்று பிணைக்கிற விசைகள். ஹைப்பர்டெக்ஸ்டின் முன்னோடி என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அவர் தருகிற உதாரணத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். சிலுவைப் போர்களில் துருக்கியரின் சின்ன வில், ஆங்கிலேயரின் நீள வில்லைவிட ஏன் மேலாக இருந்தது என்று ஒருவர் ஆராய்கிறார். கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்துக்கொண்டே போகிறார். நடுநடுவே தன் கருத்தைச் சேர்க்கிறார். ஓரிடத்தில் கைப்பட ஒரு பக்கம் எழுதியே நுழைக்கிறார். இங்கேயும் முதலில் ஒரு கேள்வி, பிறகு சொந்த வாக்கியம், அதற்கு இடையில்தான் இணைப்பு.

இந்த இடத்தில் டியாகோ ஃபோர்ட்டேயைச் சொல்லாமல் போக முடியாது. 2022-இல் வெளியான அவருடைய 'பில்டிங் எ செகண்ட் பிரெயின்' என்ற புத்தகம்தான் இரண்டாவது மூளை என்ற சொற்றொடரை எல்லார் வாயிலும் போட்டது. அவர் சொல்லும் ஒரு முறை இப்படி: பிடித்த பகுதியைச் சேமி, அடுத்த முறை வரும்போது அதில் முக்கியமானதைத் தடித்த எழுத்தாக்கு, அதற்கடுத்த முறை தடித்ததிலும் முக்கியமானதற்கு வண்ணம் பூசு. அலுவலக அறிக்கை, மருத்துவக் கட்டுரை, தொழில் நூல் என்றால் நன்றாகவே வேலை செய்யும். சேர்த்ததைக் கொண்டு எதையாவது செய்து வெளியே கொடு என்று அவர் வற்புறுத்துவதும் நியாயமானது. அவரைப் பின்பற்றுகிறவர்கள் பலர் அந்தக் கடைசிப் படிக்கு வராததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நாவலை இப்படி வடிகட்ட முடியுமா? முக்கியமான வரி என்று நாம் வண்ணம் பூசுவது பெரும்பாலும் தத்துவமாக ஒலிக்கிற வரி. மௌனியின் ஒரு கதையில் முக்கியமான வரி எது? ஒன்றும் நடக்காத ஒரு பத்திதான் அங்கே முழுக் கனத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும். அதை வெட்டி எடுத்துத் தனியாக வைத்தால் வெறும் வர்ணனை. கதையைச் சுருக்கச் சுருக்க நம் கையில் மிஞ்சுவது பொன்மொழி. இன்ஸ்டாகிராமுக்கு அது போதும்.

தமிழ்ச் சொல் ஓரிடத்தில் நிற்பதில்லை

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழில் படித்துத் தமிழில் குறிப்பெடுக்கிறவர்களுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த ஆப்களின் அடியில் ஓர் அனுமானம் ஓடுகிறது: சொல் மாறாது. ஆங்கிலத்தில் ட்ரீ என்ற சொல் வாக்கியத்தில் எங்கே போனாலும் அதே ட்ரீ. பன்மையானால் வாலில் ஓர் எழுத்து. தமிழில் மரம் இரண்டாம் வேற்றுமைக்குப் போனவுடனே மகரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தை ஆகிவிடுகிறது. வீடு வீட்டில், ஆறு ஆற்றில்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலுக்கு நான் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தேன். தண்ணீர் என்று தேடினால் புள்ளியோடு நிற்கிற தண்ணீர் மட்டும்தான் வந்தது. தண்ணீரை, தண்ணீருக்கு எதுவும் வரவில்லை. அடுத்து, அந்த நாவலில் ஒரு கதாபாத்திரம் மாதிரியே நடமாடுகிற பொருளைத் தேடினேன்: குடம். 'குடம்' என்று போட்டால் குடம் வந்தது, தண்ணீர்க்குடம் வந்தது. குடத்தை, குடத்தோடு, குடங்கள் எதுவும் வரவில்லை. ஆப்சிடியன் மாதிரியானவை நாம் தட்டிய எழுத்துகளை அப்படியே பொருத்திப் பார்க்கின்றன. தமிழ் இலக்கணம் அவற்றுக்குத் தெரியாது. சரி என்று பாதியில் வெட்டி 'குட' என்று தேடினால் எல்லாம் வருகிறது. கூடவே குடும்பம், குடை, குடி, குடித்தனம், குடைச்சல். ஜமுனா, சாயா கதையைப் பொறுத்தவரை குடம் தேடினால் குடும்பம் வருவது அவ்வளவு பொருத்தமில்லாத விஷயமும் இல்லைதான். ஆனால் அந்தப் புண்ணியம் ஆப்பைச் சேராது.

இணைப்பிலும் இதே கதை. ஆங்கிலத்தில் அடைப்புக்குள் ட்ரீ என்று போட்டு, அடைப்புக்கு வெளியே பன்மை எழுத்தை ஒட்டிவிட்டால் போதும். தமிழில் குடத்தை என்று எழுத வேண்டுமானால் அடைப்புக்குள் முதலில் குடம், பிறகு ஒரு செங்குத்துக் கோடு, பிறகு குடத்தை என்று எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும். எழுதுகிற வேகத்தில் இதையெல்லாம் யார் செய்வது?

இதற்கும் கீழே யூனிகோடு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ஸ்ரீயையும் இரண்டு விதமாக எழுத முடியும். ஔவையாரை ஔகாரத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு, ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுகிறவர்களும் உண்டு. இந்த வேறுபாடுகளைச் சரிக்கட்டாத மென்பொருளில் பாட்டி இரண்டு ஆளாகிவிடுகிறார். ஒருவரைத் தேடினால் இன்னொருவர் வரமாட்டார்.

இதற்கான தீர்வு நம்மிடமே பழைய புத்தகங்களில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் பின்பக்கத்தைப் புரட்டியிருக்கிறீர்களா? அரும்பத அகராதி, நூலில் வரும் பெயர்களின் பட்டியல்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். செய்யுளுக்குள் ஒரு சொல் எந்தக் கோலத்தில் இருந்தாலும், தேடி வருகிறவர் எந்தத் தலைப்பில் தேடுவார் என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுவார்கள். எந்த நூலிலிருந்து என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாவதற்கு முன்னால் நச்சினார்க்கினியர் உரையோடு மல்லுக்கட்டியவருக்கு, மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க மற்ற ஏடுகளையெல்லாம் படித்துக் குறிப்பெடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தக் குறிப்புகளுக்கு ஒரு முகவரி இருந்தது: அடுத்த பதிப்பின் அடிக்குறிப்பு.

அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கம் ஒன்று உண்டு. குறிப்பை எழுதி முடித்ததும், கடைசியில் ஒரே ஒரு வரியில், அதில் பேசப்படுகிற பொருள்களை எழுவாய் வடிவத்தில் எழுதி வைத்தால் போதும். குடம், தெரு, அக்கா, விலை. நான்கைந்து சொற்கள். தேடல் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். இன்னொன்றும் நடக்கும்: இந்தக் குறிப்பு உண்மையில் எதைப் பற்றியது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பல சமயம் பதில் வராது. அப்போது குறிப்பைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.

யார் திறப்பார்கள்?

குறிப்புக்கு முகவரி வேண்டும் என்று சொன்னேன். அதற்கு எதிர்வாதமாக வால்டர் பெஞ்சமின் நிற்கிறார். பாரீஸின் கண்ணாடிக் கூரைக் கடைத்தெருக்களைப் பற்றி 1927-இல் தொடங்கி மேற்கோளும் குறிப்புமாகச் சேர்த்துக்கொண்டே போனார். எழுத்து வரிசைப்படி தலைப்பிட்ட கட்டுகளாக அடுக்கினார். புத்தகம் எழுதப்படவில்லை. 1940-இல் நாஜிப் படை நெருங்கியபோது அந்தத் தாள்களை ஜார்ஜ் பத்தாயிடம் ஒப்படைத்தார்; பத்தாய் வேலை பார்த்த பிரான்ஸின் தேசிய நூலகத்தில் அவை மறைத்து வைக்கப்பட்டன. அதே வருஷம் செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையில் போர்ட்பூவில் பெஞ்சமின் இறந்துபோனார். குறிப்புகள் 1982-இல் நூலாக வந்தன. இன்று அந்த முடிவுறாத குவியல்தான் நகரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பப் போகிற இடம்.

ஆக, குறிப்பு எதற்கும் பயன்படாமலே கிடக்கலாம், கிடந்தும் வாழலாம். ஆனால் ஒரு நிபந்தனை: இன்னொருவர் திறந்தால் அது படிக்கக் கிடைக்க வேண்டும். காகிதத்துக்கு அந்தக் குணம் உண்டு. தமிழ்க் கோப்புகளின் அனுபவம் வேறு. யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில், ஆளுக்கொரு குறியீட்டில் தட்டச்சு செய்தோம். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்பு ஒன்றை இன்று அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ரோமன் எழுத்தும் குறியுமாக ஒரு பக்கம். மாற்றிகள் இருக்கின்றன, உண்மைதான். எந்தக் குறியீடு என்று தெரிந்தவர் உயிரோடு இருந்து, அந்தக் கோப்பு முக்கியம் என்று அவருக்குத் தோன்றவும் வேண்டும்.

அந்த அனுபவம் உள்ள சமூகம் ஆப் தேர்ந்தெடுக்கும்போது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்பட்டால் தப்பில்லை.

சரி, எந்த ஆப்?

என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். என் குறிப்புகள் ஒரு ஃபோல்டரில் வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாக, மார்க்டவுனில், யூனிகோடில் இருக்கின்றன. அவற்றைத் திறக்க ஆப்சிடியன் பயன்படுத்துகிறேன். நாளைக்கு அந்த நிறுவனம் கடையைச் சாத்தினாலும் விண்டோஸோடு வருகிற நோட்பேடில் அதே கோப்புகள் திறக்கும் என்பதுதான் அதைத் தேர்ந்ததற்கு முதல் காரணம். லாக்சீக்கும் இப்படிக் கோப்புகளாக வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஈமேக்ஸ் தெரிந்தவர்களுக்கு ஆர்க்-மோட் 2003-இலிருந்து இருக்கிறது. கிராஃபை நான் திறப்பதில்லை. பஸ்ஸில் தோன்றுவதைப் போனில் கூகுள் கீப்பில் கிறுக்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து தேறுவதை மட்டும் முழு வாக்கியமாக எழுதிவிட்டு மற்றதை அழித்துவிடுவேன். மேற்கோள் எடுத்தால் அதன் கீழே என் வாக்கியம் ஒன்றாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேற்கோளுக்கு இடமில்லை. இந்த விதியை எந்த ஆப்பும் அமல்படுத்தாது. நாமேதான் செய்ய வேண்டும்.

இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கையால் எழுதினால்தான் யோசனை ஓடும் என்பவர்கள் நோட்டுப் புத்தகத்தை விட வேண்டிய அவசியம் எதுவுமில்லை. பக்கத்துக்கு எண் போட்டு, பின்னால் இரண்டு பக்கம் அகராதிக்கு ஒதுக்கிக்கொண்டால் போதும். ஆப்பிள் நோட்ஸோடு நிம்மதியாக இருக்கிறவர்கள் அங்கேயே இருக்கலாம், அவ்வப்போது வெளியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

ஆனால் இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு ஒரு யோசனை. ரிவ்யூ வீடியோ பார்ப்பதற்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள். கடைசியாகப் படித்த நாவலை மூடி வைத்துவிட்டு, அதைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். புத்தகத்திலிருந்து ஒரு சொற்றொடர்கூட வேண்டாம். ஐந்தாவது வாக்கியம் கேள்வியாக முடியட்டும். நீங்கள் யோசித்து வைத்திருக்கிற இரண்டு மூன்று ஆப்களில் அதை ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்து, அந்த ஐந்து வாக்கியத்தில் வேற்றுமை உருபோடு நிற்கிற ஏதாவது ஒரு சொல்லை எழுவாயாக மாற்றித் தேடுங்கள். பிறகு அதை அங்கிருந்து வெளியே எடுத்து, அந்த ஆப்பே இல்லாத ஒரு நண்பரின் கணினியில் திறந்து பாருங்கள்.

தேடல் எதைக் கொண்டுவருகிறது, கோப்பு திறக்கிறதா என்பதை வைத்து ஆப்பை முடிவு செய்துவிடலாம். அந்த ஐந்தாவது கேள்வி ஒரு மாதத்துக்குப் பிறகும் உங்களைத் தொந்தரவு செய்கிறதா என்று பாருங்கள். செய்தால், குறிப்பெடுக்க ஆரம்பிக்கலாம்.